நதானியேல் பால்ட்வின்

நதானியேல் பால்ட்வின் (டிசம்பர் 1, 1878 – ஜனவரி 19, 1961) ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். ஹெட்போன் என்று பரவலாக அறியப்படும் காதொலிப்பானுக்கு இன்று நாம் காணும் வடிவத்தைத் தந்தவராக இவர் கருதப்படுகிறார். இரு காதுகளுக்கும் இரண்டு கேட்பிகள், அவற்றை இணைத்துத் தலைமீது அமரும் பட்டை, தலையின் அளவுக்கேற்பக் கேட்பிகளை மேலும் கீழும் நகர்த்தும் அமைப்பு ஆகியவை அவ்வடிவத்தின் கூறுகள் ஆகும்.

பால்ட்வின் தமது வீட்டுச் சமையலறையில் காதொலிப்பான்களைச் செய்யத் தொடங்கினார். 1910ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையின் கவனத்தைப் பெற்றார். முதலாம் உலகப் போரும், அதனைத் தொடர்ந்து எழுந்த வானொலி ஆர்வமும் இவரைச் செல்வந்தர் ஆக்கின. ஆயினும் பத்து ஆண்டுகளுக்குள் நிறுவனம் இவரது கையைவிட்டுப் போயிற்று. இவர் சிறைத்தண்டனையும் அடைந்தார். பிறர் நீண்ட நேரம் வருத்தமின்றிக் கேட்க வழிசெய்த இவரது சொந்த வாழ்வின் பிற்பகுதி வறுமையில் கழிந்தது.

பிறப்பும் கல்வியும்

பால்ட்வின் யூட்டாவின் நடுப்பகுதியிலுள்ள ஃபில்மோர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்போது யூட்டா மாநில நிலையை அடையாத ஓர் ஆட்சிப்பகுதியாக இருந்தது. 1896ஆம் ஆண்டிலேயே அது மாநிலமாயிற்று. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் 1847ஆம் ஆண்டு முதல் குடியேறிய மோர்மன் சமயத்தவர் ஆவர். பால்ட்வின்னின் தந்தை அச்சமயத்தின் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவர். சமயப் பற்று மிகுந்த அக்குடும்பச் சூழல் பால்ட்வின்னின் வாழ்க்கையை இறுதிவரை வழிநடத்தியது.

இளமையிலேயே இவருக்குப் பொறிகளின்மீது ஆர்வம் இருந்தது. கிடைத்த பொருள்களைக் கொண்டு மிதிவண்டி, சிறு நீராவிப் பொறி முதலியவற்றைத் தாமே செய்து பார்த்ததாகக் கூறப்படுகிறது. பின்னர் யூட்டாவிலுள்ள கல்லூரிகளிலும், கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் பயின்றார். மின்பொறியியல் இவரது துறை ஆயிற்று.

கல்வி முடிந்தபின் புரோவோ நகரில் பிரிகாம் யங் பெயரால் அமைந்த கல்வி நிறுவனத்தில் இயற்பியலும் இறையியலும் கற்பித்தார். ஆனால் அப்பணி நீடிக்கவில்லை. மோர்மன் திருச்சபை 1890ஆம் ஆண்டில் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்திருந்தது. 1904ஆம் ஆண்டில் அத்தடையை மேலும் கடுமையாக்கியது. பலதார மணம் இறைவன் வகுத்த நெறி என்றும் அதனைக் கைவிடல் ஆகாது என்றும் பால்ட்வின் நம்பினார். இந்நம்பிக்கையே இவர் ஆசிரியப் பணியை இழக்கக் காரணமாயிற்று. பின்னர் சால்ட் லேக் நகருக்கு அருகிலுள்ள மில் கிரீக் பள்ளத்தாக்கில் ஒரு நீர்மின் நிலையத்தில் வேலை செய்தார். ஓய்வு நேரங்களில் ஒலி பற்றிய ஆய்வுகளில் ஈடுபட்டார்.

முன்னோடிக் கருவிகள்

பால்ட்வின்னின் பங்கினை அறிய, அவருக்கு முன்பிருந்த கருவிகளை அறிதல் வேண்டும். 1880களில் அமெரிக்கத் தொலைபேசி இணைப்பகங்களில் பணிபுரிந்தோர் ஒரு கனத்த கருவியைத் தோளில் தாங்கி வேலை செய்தனர். எஸ்ரா கில்லிலண்ட் என்பவர் வடிவமைத்த அதில் ஒரு காதுக்குரிய கேட்பியும் வாயருகே நிற்கும் பேசியும் இருந்தன. அதன் எடை ஏறத்தாழ 10 இறாத்தல், அதாவது நாலரைக் கிலோகிராம் ஆகும். இரண்டு கைகளும் வேலைக்குத் தேவைப்பட்டதால் மட்டுமே அச்சுமை பொறுத்துக்கொள்ளப்பட்டது.

1891ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் எர்னெஸ்ட் மெர்க்காடியே காதுக்குள் செருகும் சிறு இரட்டைக் கேட்பிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் எடை ஏறத்தாழ 50 கிராம் மட்டுமே. காதில் உராய்வதைத் தவிர்க்க அதன் முனைகளில் இரப்பர் உறை இடப்பட்டிருந்தது. பயன்படுத்துவோரின் வசதி கருதிச் செய்யப்பட்ட ஏற்பாடுகளுள் இது மிகப் பழையது எனலாம்.

காதொலிப்பான் வழியாக இசை கேட்கும் வழக்கமும் அதே காலத்தில் தோன்றியது. 1895ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கிய எலெக்ட்ரோபோன் சேவை, அரங்குகளில் நிகழ்ந்த நாடகங்களையும் இசையையும் தொலைபேசிக் கம்பி வழியாகச் சந்தாதாரர் வீடுகளுக்கு அனுப்பியது. கேட்போர் மருத்துவரின் இதயத்துடிப்புமானி போன்ற ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எனவே கேட்கும்போது வேறு வேலை செய்ய இயலாது. எடை குறைந்திருத்தல், கைகள் விடுபட்டிருத்தல், மெல்லிய ஒலியும் தெளிவாகக் கேட்டல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த கருவி அதுவரை உருவாகவில்லை.

கண்டுபிடிப்பின் தொடக்கம்

பால்ட்வின்னை இத்துறைக்கு இழுத்தது இசையன்று; சமயச் சொற்பொழிவு ஆகும். சால்ட் லேக் நகரில் 1867ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டேபர்னாக்கிள் என்னும் மாபெரும் மண்டபத்தில் மோர்மன் திருச்சபையின் மாநாடுகள் நடைபெற்றன. ஆயிரக்கணக்கானோர் கூடிய அவ்விடத்தில் கூட்டத்தின் இரைச்சலுக்கிடையே பேச்சாளர்களின் சொற்கள் இவருக்குச் சரிவரக் கேட்கவில்லை. அக்காலத்தில் மின்னணுப் பெருக்கி கிடையாது. ஆகவே அழுத்திய காற்றின் உதவியால் ஒலியைப் பெருக்கும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார்.

அம்முயற்சியின் ஊடே, மிகச் சிறிய மின்னோட்டத்தையும் கேட்கத்தக்க ஒலியாக மாற்றும் கேட்பி ஒன்று இவருக்குத் தேவைப்பட்டது. அன்றைய தொலைபேசிக் கேட்பிகள் அதற்குப் போதவில்லை. எனவே கேட்பியையே புதிதாக வடிவமைத்தார். மண்டபத்திற்குரிய கருவியைக் காட்டிலும், அதற்குத் துணையாகச் செய்த இந்தக் கேட்பியே பின்னர் இவருக்குப் புகழ் தந்தது.

அமைப்பும் இயங்குமுறையும்

பொதுவான தொலைபேசிக் கேட்பியில் இரும்பாலான மெல்லிய அதிர்தகடு ஒன்று நிலைக்காந்தத்தின் முன் நிற்கும். காந்தம் அத்தகட்டை எப்போதும் தன்பால் இழுத்துக்கொண்டிருப்பதால் தகடு வளைந்து விறைத்த நிலையில் இருக்கும். கம்பிச்சுருளில் மின்னோட்டம் மாறும்போது அவ்விழுப்பு சற்றுக் கூடியும் குறைந்தும் தகடு அதிர்கிறது. மின்னோட்டம் மிகச் சிறியதாயின், ஏற்கெனவே விறைத்துள்ள தகடு போதிய அளவு அசைவதில்லை.

பால்ட்வின் இவ்விழுப்பைச் சமன் செய்தார். காந்த முனைகளுக்கு இடையே, கம்பிச்சுருளின் நடுவில், ஒரு சிறு மெல்லிரும்புத் துண்டு தராசுக் கோல் போல் நிறுத்தப்பட்டது. இருபுறமும் இழுப்பு ஒத்திருப்பதால் அது ஓய்வு நிலையில் எப்பக்கமும் சாய்வதில்லை. மிகச் சிறிய மின்னோட்டமும் அச்சமநிலையைக் குலைத்து அதனை அசைக்கும். அவ்வசைவு ஒரு மெல்லிய கோல் வழியாக மைக்காவால் ஆன அதிர்தகட்டுக்குச் செல்கிறது. மைக்கா காந்தத்தால் ஈர்க்கப்படாதது, எடை குறைந்தது, விறைப்பானது. ஆகவே அத்தகடு ஒலியை எழுப்பும் வேலையை மட்டும் செய்தது.

ஒவ்வொரு கேட்பியிலும் சுற்றப்பட்டிருந்த நுண்ணிய செப்புக் கம்பியின் நீளம் ஏறத்தாழ ஒரு மைல் எனக் கூறப்படுகிறது. சுற்றுகளின் எண்ணிக்கை மிகுதியாதலால் மிகக் குறைந்த மின்னோட்டமும் போதிய காந்தப்புலத்தை உண்டாக்கிற்று. சமநிலைத் துண்டு கொண்ட இத்தகைய கேட்பிகள் சிறிய அளவில் இன்றும் செவித்துணைக் கருவிகளிலும், மேடை இசைக்கலைஞர்கள் காதினுள் அணியும் ஒலிப்பான்களிலும் பயன்படுகின்றன.

கடற்படையின் தேவை

1900களின் நடுப்பகுதியில் கம்பியில்லாத் தந்தித் துறையில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. முன்னர் செய்திகள் காகித நாடாவில் பதிவாயின. படிக உணர்விகளும் மின்பகு உணர்விகளும் வந்தபின், மோர்சு குறிகளைக் காதால் கேட்டு எழுதும் முறை பரவியது. வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. வானலை கொண்டுவந்த மிகச் சிறு ஆற்றலே காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற வேண்டியிருந்தது. எனவே ஒரு கப்பல் எவ்வளவு தொலைவிலிருந்து செய்தி பெற முடியும் என்பதைக் கேட்பியின் நுண்ணுணர்வும் சேர்ந்து தீர்மானித்தது.

இந்நிலையில், 1910ஆம் ஆண்டில், அமெரிக்கக் கடற்படையின் நீராவிப் பொறியியல் பிரிவுக்கு யூட்டாவிலிருந்து ஒரு மடல் வந்தது. அது நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த தாளில் ஊதா மையால் எழுதப்பட்டிருந்தது. மடலின் தோற்றம் நம்பிக்கை தருவதாக இல்லாவிடினும், அங்கு அதிகாரியாக இருந்த ஏ. ஜே. ஹெப்பர்ன் உடன் வந்த காதொலிப்பானைச் சோதித்தார். கடற்படை அதுவரை பயன்படுத்தியவற்றைவிட அது பெரிதும் சிறந்து விளங்கியது. ஹெப்பர்ன் பின்னாளில் அமெரிக்கக் கடற்படையின் உயர்ந்த பதவிகளை வகித்தவர் ஆவார்.

கடற்படை மேலும் பல காதொலிப்பான்களைக் கேட்டது. ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் செய்துதர இயலாது என்று பால்ட்வின் மறுமொழி அனுப்பினார். அவற்றைத் தமது வீட்டுச் சமையலறையில் தம் கையாலேயே அவர் செய்துவந்ததே அதற்குக் காரணம் என்பதைக் கடற்படையினர் அப்போதுதான் அறிந்தனர்.

தலைப்பட்டை

கேட்பியின் திறனில் குறை காணாத கடற்படையினர், அதனை அணியும் வகையில் குறை கண்டனர். கப்பலில் ஒருவரின் பணிமுறை வழக்கமாக நான்கு மணி நேரம் நீடிக்கும். அந்நேரம் முழுவதும் தந்திப் பணியாளர் காதொலிப்பானை அணிந்தவாறே, ஒரு கையால் கருவியைச் சரிசெய்தும் மறு கையால் செய்தியை எழுதியும் வந்தார். முதலில் அனுப்பப்பட்ட தலைப்பட்டை அத்தகைய நீண்ட பயன்பாட்டுக்கு உகந்ததாக இல்லை.

இச்சிக்கல் எளிதாகத் தோன்றினாலும், அதனுள் ஒரு முரண் அடங்கியுள்ளது. கேட்பி காதோடு நன்கு பொருந்தினால்தான் கப்பலின் பொறியோசை உள்ளே நுழையாது. மெல்லிய குறிகளும் கேட்கும். நன்கு பொருந்துவதற்கு அழுத்தம் தேவை. அழுத்தம் மிகுந்தால் காதுமடல் வலிக்கும், தலை கனக்கும், கவனம் சிதறும். தளர்த்தினாலோ ஒலி கசிந்து செய்தி தவறும். ஆக, அணிபவரின் வசதி என்பது கேட்கும் திறனிலிருந்து பிரிக்க முடியாத ஒன்று ஆகும்.

பால்ட்வின் தமது புதிய வடிவத்தில் ஒற்றைப் பட்டைக்கு மாற்றாகத் தோல் உறையிட்ட இரண்டு கம்பிகளைத் தலைமீது அமர்த்தினார். எடை ஒரே கோட்டில் அழுந்தாமல் இரண்டு இடங்களில் பகிரப்பட்டது. கம்பிகளின் முனைகள், கேட்பிகளோடு இணைந்த சிறு தண்டுகளின்மீது நகரும் பிடிகளில் பொருத்தப்பட்டன. இதனால் சிறிய தலை, பெரிய தலை என எவருக்கும் ஏற்றவாறு கேட்பியை உயர்த்தவும் தாழ்த்தவும் முடிந்தது. கருவிக்கேற்ப மனிதர் தம்மைப் பழக்கிக்கொள்ளும் நிலை மாறி, மனிதருக்கேற்பக் கருவி மாறும் நிலை வந்தது.

இவ்வடிவமைப்புக்குக் காப்புரிமை பெறுமாறு கடற்படையினர் இவருக்கு அறிவுறுத்தியதாகவும், இஃது அற்பமான ஒரு மாற்றம் என்று கருதி இவர் மறுத்துவிட்டதாகவும் கூறப்படுகிறது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட கேட்பியே இவருக்குப் பெரிதாகத் தோன்றியது. ஆனால் நகர்த்தி அமைக்கும் தலைப்பட்டை என்னும் கருத்தே, பல்வேறு மாற்றங்களுடன், உலகெங்கும் செய்யப்படும் தலைமேல் அணியும் காதொலிப்பான்களில் இன்றுவரை நிலைத்துள்ளது.

தொழிற்சாலையும் செல்வமும்

கடற்படையின் தேவை பெருகவே, சமையலறையில் தொடங்கிய பணி தொழிற்சாலை ஆயிற்று. சால்ட் லேக் நகருக்குத் தென்கிழக்கே கிழக்கு மில்கிரீக் என்னும் இடத்தில் பால்ட்வின் வானொலிக் கருவிகள் செய்யும் ஆலையை அமைத்தார். 1917ஆம் ஆண்டில் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியபோது இவரது காதொலிப்பான்கள் கடற்படைக்குப் பெருமளவில் தேவைப்பட்டன.

போருக்குப்பின் தேவை குறையவில்லை. 1920ஆம் ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ நிலையம் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கணக்கான வானொலி நிலையங்கள் எழுந்தன. மின்கலம் கூட வேண்டாத படிக வானொலிப் பெட்டிகளைப் பலரும் வீட்டிலேயே செய்துகொண்டனர். அவற்றில் ஒலியைக் கேட்கக் காதொலிப்பான் இன்றியமையாதது. போர்க்கப்பலின் பணியாளருக்காக அமைந்த கருவி, இப்போது வீடுகளில் பாடல் கேட்போரின் தலையில் ஏறியது. நுண்ணுணர்வு மிக்கதாதலால் பால்ட்வின் காதொலிப்பானுக்கு ஆர்வலரிடையே தனி மதிப்பு இருந்தது. இவரது கேட்பியை ஊதுகுழல் வடிவக் கூம்புடன் இணைத்து ஒலிபெருக்கியாகப் பயன்படுத்தும் முறையும் பரவியது.

1922ஆம் ஆண்டளவில் நிறுவனம் உச்சநிலையை எட்டியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர். ஆலையைச் சுற்றிப் பணியாளருக்கான வீடுகள் எழுந்தன. அக்குடியிருப்புக்குக் கிரேக்க அரிச்சுவடியின் இறுதி எழுத்தான ஒமேகா என்னும் பெயரைப் பால்ட்வின் சூட்டினார்.

சமய நம்பிக்கையும் ஆதரவும்

பலதார மணத்தைக் கடைப்பிடித்தோரும் அதனை ஆதரித்தோரும் இக்காலத்தில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு, வேலை கிடைக்காமல் அல்லலுற்றனர். ஒரு காலத்தில் அதே காரணத்துக்காகப் பணியிழந்த பால்ட்வின், அத்தகையோர் பலருக்குத் தமது ஆலையில் இடமளித்தார். பின்னாளில் மோர்மன் அடிப்படைவாத இயக்கத்தின் தலைவர்களாக விளங்கிய சிலரும் இவரது நிறுவனத்தோடு தொடர்புடையவர் ஆவர். அவ்வியக்கத்தின் தொடக்க காலப் புரவலர்களுள் இவர் முதன்மையானவராகக் கருதப்படுகிறார்.

இவர் கைதாராளம் மிக்கவர். தம்மை நாடி வந்தோரின் தொழில் முயற்சிகளுக்கும் கண்டுபிடிப்புகளுக்கும் பணம் ஈந்தார். ஆனால் எவரை நம்பலாம், எத்தொழில் நிலைக்கும் என்று ஆராய்ந்து செயற்படும் வணிகத் திறன் இவரிடம் குறைவாகவே இருந்தது. சமயக் கொள்கையில் உடன்பட்டவரை நிருவாகத்திலும் நம்பினார். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது பின்னர் தெரியவந்தது.

வீழ்ச்சி

1924ஆம் ஆண்டில் நிறுவனம் கடன் சுமையால் தள்ளாடி, நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரிடம் சென்றது. தாம் உருவாக்கிய ஆலையின்மீது பால்ட்வின்னுக்கு இருந்த ஆளுகை அகன்றது. அதே ஆண்டுகளில் வானொலிச் சந்தையும் மாறியது. வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள் மலிந்தன. 1925ஆம் ஆண்டில் ரைஸ், கெல்லாக் ஆகிய இரு பொறியாளர்கள் அசையும் சுருள் ஒலிபெருக்கியை அறிமுகப்படுத்தினர். குடும்பத்தினர் அனைவரும் ஒருங்கே அமர்ந்து வானொலி கேட்கும் வழக்கம் வந்தபின், தனித்துக் கேட்கும் காதொலிப்பானை நாடுவோர் குறைந்தனர்.

பால்ட்வின் மீண்டும் எழ முயன்றார். புதிய நிறுவனத்திற்காகப் பங்குகளை விற்று முதல் திரட்டினார். அப்பங்கு விற்பனை தொடர்பாக இவர்மீதும் உடனிருந்தோர் சிலர்மீதும் அஞ்சல்வழி மோசடிக் குற்றம் சாட்டப்பட்டது. 1930ஆம் ஆண்டில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, வாஷிங்டன் மாநிலத்திலுள்ள மெக்நீல் தீவு கூட்டரசுச் சிறையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தார்.

விடுதலைக்குப்பின் இவரால் பழைய நிலையை அடைய முடியவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரும் செல்வமோ புகழோ இன்றி வாழ்ந்து, 1961ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் தமது 82ஆவது அகவையில் காலமானார். இவர் எழுப்பிய ஆலைக் கட்டடம் பின்னாளில் கலைஞர்களின் பணிக்கூடங்களாகப் பயன்படலாயிற்று.

பின்வந்த வளர்ச்சி

ஜெர்மனியில் ஆய்கன் பேயர் நிறுவிய நிறுவனம் 1937ஆம் ஆண்டில் டிடி 48 என்னும் காதொலிப்பானை வெளியிட்டது. அசையும் சுருள் முறை காதொலிப்பானுக்குள் வந்தது இதிலிருந்தே ஆகும். 1958ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ஜான் கோஸ் இசை கேட்பதற்கென்றே முப்பரிமாண ஒலி தரும் காதொலிப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை பெரும்பாலும் பணியாளரின் கருவியாக இருந்தது இதன்பின் இசை ஆர்வலரின் கருவியும் ஆயிற்று.

1979ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் வாக்மேன் ஒலிநாடாக் கருவியுடன் நுரைப்பஞ்சு வைத்த, ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள காதொலிப்பானை வழங்கியது. மெர்க்காடியே 1891ஆம் ஆண்டில் எட்டிய எடையும் ஏறத்தாழ அதுவே என்பது குறிப்பிடத்தக்கது. அமர் போஸ் 1978ஆம் ஆண்டில் ஒரு வானூர்திப் பயணத்தின்போது எண்ணிய இரைச்சல் நீக்கும் காதொலிப்பான், 1989ஆம் ஆண்டில் வானோடிகளுக்கான கருவியாக விற்பனைக்கு வந்தது. புற இரைச்சலை அதன் எதிர் அலையால் தணிக்கும் இம்முறையால், இரைச்சலைத் தடுக்க அழுத்தத்தை மட்டுமே நம்பியிருந்த நிலை மாறத் தொடங்கியது.

பணியிடத்தில் காதொலிப்பான்

கப்பலின் தந்தியறையில் எழுந்த கேள்விகளே இன்று அலுவலகத்தில் இசை கேட்டவாறு வேலை செய்வோர் காதொலிப்பான் தேரும்போதும் எழுகின்றன. அவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு:

எடையும் அழுத்தமும்: கடையில் சில நிமிடங்கள் அணியும்போது தோன்றாத வலி, ஒரு மணி நேரத்திற்குப்பின் தோன்றலாம். உச்சந்தலையில் எடை எவ்வாறு பகிரப்படுகிறது, காதின் பக்கங்களில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பவை மொத்த எடையைப் போலவே முக்கியமானவை. மூக்குக்கண்ணாடி அணிவோருக்கு அழுத்தம் கண்ணாடித் தண்டின் வழியாகப் பொட்டில் அழுந்தும். அவர்களுக்கு மென்மையான, தடித்த மெத்தை ஏற்றது.

காதில் அமரும் வகை: காதுமடலின் மேல் அமர்பவை சிறியவை, ஆனால் மடலையே அழுத்துகின்றன. காதைச் சுற்றி அமர்பவை மடலை விடுத்துத் தலையின் பக்கத்தில் படிகின்றன. நீண்ட நேரத்துக்கு இவை உகந்தவை. காதினுள் செருகுபவை எடையற்றவை எனினும், செவித்துளையின் அளவுக்குப் பொருந்தாவிடில் உறுத்தும்.

வெப்பம்: தோல் போன்ற உறை ஒலியை நன்கு அடைக்கும், வெப்பமான இடங்களில் வியர்வையைத் தேக்கும். துணி உறை காற்றோட்டம் தரும்; ஒலி சற்றுக் கசியும்.

திறந்த வகையும் மூடிய வகையும்: பின்புறம் திறந்தவை காதுக்கு இறுக்கமற்ற உணர்வைத் தருகின்றன. ஆயினும் அவற்றின் ஒலி அருகில் இருப்பவருக்கும் கேட்கும். பலர் கூடிப் பணிபுரியும் அறைக்கு மூடிய வகையே பொருந்தும்.

ஒலியளவு: வசதியான காதொலிப்பான் நீண்ட நேரம் அணியத் தூண்டுவதால் செவிப்புலனுக்கு ஊறு நேராமல் காத்தல் வேண்டும். உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்த அளவின்படி, வளர்ந்தோர் 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒலியளவு கூடக் கூட அந்நேரம் விரைவாகக் குறையும். 40 மணி நேரம் என்பது பலருக்கு ஒரு வாரத்தின் முழு வேலைநேரம் ஆகும். புற இரைச்சலை நன்கு தடுக்கும் கருவியில் ஒலியளவைக் கூட்ட வேண்டிய தேவை குறைகிறது.

மதிப்பீடு

பால்ட்வின்னின் பெயர் பெல், எடிசன் ஆகியோரின் பெயர்களைப் போலப் பொதுமக்களிடையே பரவவில்லை. நிறுவனம் இவரது பெயரோடு நிலைக்காததும், தலைப்பட்டைக்கு இவர் உரிமை கோராததும் அதற்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. கேட்பியின் நுண்ணுணர்வில் இவர் பெற்ற மேன்மை, மின்னணுப் பெருக்கிகளின் வருகைக்குப்பின் முதன்மை இழந்தது. பெருக்கியால் தீர்க்க முடியாததோ மனிதத் தலைக்கும் கருவிக்கும் இடையிலான பொருத்தம். இவர் சிறிதென ஒதுக்கிய தோலுறையிட்ட இரண்டு கம்பிகளும் நகரும் பிடியும் அப்பொருத்தத்திற்கு வழிகாட்டின. வானொலித் தொழிலின் வரலாற்றிலும், மோர்மன் அடிப்படைவாத இயக்கத்தின் வரலாற்றிலும் இவர் தனித்தனியே நினைவுகூரப்படுகிறார்.